எட்டு என்ற மதிப்பெண்ணின் எடை

பின்லாந்துப் பள்ளிகளில் தேர்வே கிடையாது என்று நம் மேடைகளிலும் கட்டுரைகளிலும் அடிக்கடி சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. அங்கும் ஆசிரியர்கள் வகுப்பில் தேர்வு வைக்கிறார்கள், விடைத்தாள் திருத்துகிறார்கள், 4 முதல் 10 வரையிலான அளவுகோலில் மதிப்பெண்ணும் போடுகிறார்கள். 4 என்றால் தோல்வி, 8 என்றால் நன்று. இல்லாதது நாடு முழுவதும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளை எழுதும் பொதுத்தேர்வு. 7 வயதில் தொடங்கும் ஒன்பதாண்டு அடிப்படைப் பள்ளி முழுவதையும் ஒரு பிள்ளை அப்படியொரு தேர்வைச் சந்திக்காமலே முடித்துவிடலாம். 1852ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் மேல்நிலை இறுதித் தேர்வுதான் அங்குள்ள பொதுத்தேர்வு. தொழிற்கல்விக்குச் செல்கிறவர்கள் பெரும்பாலும் அதையும் எழுதுவதில்லை. ஆகவே தேர்வு உண்டா இல்லையா என்ற கேள்வி நம்மை அதிக தூரம் கொண்டுபோகாது. யார், எதை, எதற்காக அளக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கல்வி அமைப்பின் நலத்தை அறிவது ஒரு வேலை, ஒரு பிள்ளையின் தகுதியைத் தீர்மானிப்பது இன்னொரு வேலை. பின்லாந்து இவ்விரண்டையும் தனித்தனியே வைத்தது. அதன் பெரிய வலிமை அதுதான். ஆனால் ஒன்பதாம் வகுப்பு முடிவில் இரண்டும் ஒரே சான்றிதழில் வந்து சேர்கின்றன. அந்த இடத்தில் அமைப்பு தடுமாறுகிறது.

இந்தப் பிரிப்பு எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை வரலாற்றின் வரிசையில் பார்க்க வேண்டும். 1968இல் சட்டம் நிறைவேறி, 1972இல் வடக்கே லாப்லாந்தில் தொடங்கி 1977க்குள் நாடெங்கும் பரவியது ஒருங்கிணைந்த பள்ளி. அதற்கு முன் பதினோரு வயதளவிலேயே பிள்ளைகள் இரு பாதைகளில் பிரிக்கப்பட்டனர். புதிய பள்ளிக்குள்ளும் கணிதத்திலும் அயல்மொழிகளிலும் திறன்வாரிக் குழுக்கள் தொடர்ந்தன. அவை 1980களின் நடுவில்தான் கைவிடப்பட்டன. ஆசிரியர் கல்வி பல்கலைக்கழகங்களுக்கு மாற்றப்பட்டு, 1970களின் இறுதியில் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் தகுதியாயிற்று. இவ்வளவுக்கும் பிறகே, 1990களின் தொடக்கத்தில், பள்ளி ஆய்வாளர் முறையும் பாடநூல்களுக்கான அரசு ஒப்புதலும் நீக்கப்பட்டன. 1994இன் கலைத்திட்டம் மெலிந்த ஒரு சட்டகமாகச் சுருங்கி, விவரங்களை நகராட்சிகளிடமும் பள்ளிகளிடமும் விட்டது. அதாவது ஆசிரியர்மீது வைத்த நம்பிக்கை தொடக்க நிலை அன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இறுக்கமான மைய நிர்வாகமும் நீண்ட ஆசிரியர் பயிற்சியும் அதற்கு அடித்தளம் அமைத்தன. பின்லாந்தைப் பின்பற்றச் சொல்கிறவர்கள் கடைசிப் படியை மட்டும் காட்டி, முந்தைய படிகளைச் சொல்லாமல் விடுவது எனக்குக் கவலை தருகிறது.

அமைப்பின் நலத்தை அறிய அங்கே மாதிரி ஆய்வுகள் நடக்கின்றன. 2014இல் உருவான தேசியக் கல்வி மதிப்பீட்டு மையம், தேர்ந்தெடுத்த சில பள்ளிகளின் மாணவர்களிடம் மட்டும் தாய்மொழி, கணிதம் போன்ற பாடங்களில் சோதனை நடத்துகிறது. பள்ளிவாரி முடிவுகளை அது வெளியிடுவதில்லை. கலந்துகொண்ட பள்ளிக்கு அதன் முடிவு தனியே தரப்படும். தரவரிசைப் பட்டியல் இல்லாததால், சோதனைக்காகவே பாடம் நடத்தும் நெருக்கடி ஆசிரியருக்கு இல்லை. ஆனால் மேல்நிலை இறுதித் தேர்வின் முடிவுகள் வந்ததும் பின்லாந்து ஊடகங்களும் மேல்நிலைப்பள்ளிகளை வரிசைப்படுத்தத்தான் செய்கின்றன. எனவே அடிப்படைப் பள்ளியைக் காப்பது அந்நாட்டினரின் தனிக்குணம் என்று சொல்வதைவிட, எண்களை வெளியே விடாத ஏற்பாடு என்று சொல்வதே பொருந்தும். இதைவிட முக்கியமானது மதிப்பீட்டைத் தொடர்ந்து வரும் உதவி. பாடத்தில் பின்தங்கும் பிள்ளையை ஆசிரியர் கவனித்த சில நாள்களிலேயே சிறப்பாசிரியர் துணைக்கு வரும் பகுதிநேரச் சிறப்புக் கல்வி நெடுங்காலமாக இருந்தது. 2011இல் அது மூன்று படிநிலை ஆதரவாக ஒழுங்குபெற்றது. 2025இல் அதுவும் மாற்றியமைக்கப்பட்டது. வளரறி மதிப்பீடு என்று நாம் சொல்வதற்கு அங்கே உயிர் இருந்தது இதனால்தான். குறையைக் கண்டுபிடித்து ஏட்டில் எழுதிவிட்டு, மறுநாள் பிள்ளையோடு உட்கார ஆளில்லை என்றால் அந்த மதிப்பீட்டால் யாருக்கும் பயனில்லை.

இனி பலவீனத்துக்கு வருவோம். ஒன்பதாம் வகுப்பு முடிவில் மாணவர்கள் பொது விண்ணப்ப முறை வழியாக மேல்நிலைப் பள்ளிக்கோ தொழிற்கல்விக்கோ விண்ணப்பிக்கிறார்கள். மேல்நிலைப் பள்ளி இடங்களை முதன்மையாகத் தீர்மானிப்பது அடிப்படைப் பள்ளிச் சான்றிதழில் உள்ள பாட மதிப்பெண்களின் சராசரி. ஹெல்சிங்கியில் அதிகம் நாடப்படும் சில பள்ளிகளில் இந்தச் சராசரி 9ஐத் தாண்ட வேண்டும். அந்த மதிப்பெண்ணை இடுபவர் அந்தந்தப் பள்ளி ஆசிரியர். அவருக்கு வழிகாட்டியாக நீண்ட காலம் இருந்தது 8 என்ற ஒற்றை மதிப்பெண்ணுக்கான விளக்கம் மட்டுமே. 5க்கு எது போதும், 9க்கு எது தேவை என்பது எழுதப்படவில்லை. மாதிரி ஆய்வுகளின் விடைகளைப் பள்ளி மதிப்பெண்களோடு ஒப்பிட்டபோது, ஒரே அறிவு உள்ள மாணவர்கள் வெவ்வேறு பள்ளிகளில் வெவ்வேறு மதிப்பெண் பெறுவது தெரியவந்தது. நஜாத் உவாக்ரிம்-சொய்வியோ 2013இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர்பட்ட ஆய்வு இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் 8 வாங்குவது கடினம். பின்தங்கிய பள்ளியில் எளிது. ஆசிரியர் நேர்மையற்றவர் என்பதன்று இதன் பொருள். எழுதப்பட்ட அளவுகோல் தெளிவாக இல்லாதபோது, கண்முன் இருக்கும் வகுப்பே அளவுகோலாகிவிடுகிறது.

அரசு இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 5, 7, 8, 9 ஆகிய நான்கு மதிப்பெண்களுக்கும் இறுதி மதிப்பீட்டு விளக்கங்கள் எழுதப்பட்டு, 2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தன. இதை வரவேற்கிறேன், ஆனால் இது போதும் என்று நினைக்கவில்லை. ‘விளக்கத் தெரிகிறது’, ‘ஓரளவு பயன்படுத்தத் தெரிகிறது’ போன்ற சொற்களை வடக்கே ரோவனியெமியிலும் தெற்கே எஸ்போவிலும் ஒரேவிதமாகப் படிப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே விடைத்தாளை இரு ஆசிரியர்கள் முன்னால் வைத்துப் பேசினால்தான் சொற்களின் எல்லை பிடிபடும்.

2016 முதல் நடைமுறைக்கு வந்த கலைத்திட்டம் இந்தச் சிக்கலை இன்னும் கூட்டியது. பாடங்களையே ஒழித்துவிட்டார்கள் என்று வெளிநாட்டு இதழ்கள் எழுதியது தவறு. பாடங்கள் இருக்கின்றன; பாடங்களைக் கடந்த ஏழு பொதுத் திறன்கள் அவற்றினூடே வளர்க்கப்பட வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் பல பாடங்களை இணைத்த கற்றல் தொகுப்பு ஒவ்வொரு மாணவருக்கும் அமைய வேண்டும் என்பதே விதி. நோக்கம் நல்லது. ஆனால் கற்கக் கற்றல், தன் கற்றலைத் தானே திட்டமிடல் போன்றவை வீட்டில் கைகொடுக்க ஆளுள்ள பிள்ளைக்கு எளிதாகவும் மற்றவருக்குச் சுமையாகவும் அமைகின்றன. அவை பாட மதிப்பெண்ணுக்குள் எவ்வளவு நுழைகின்றன என்பதும் ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடக்கூடியது.

பிசா (PISA) என்ற பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டில் ஏற்பட்ட சரிவைக் காட்டி இந்தக் கலைத்திட்டத்தையே குற்றவாளியாக்குகிறவர்கள் உண்டு. 2006இல் கணிதத்தில் 548, வாசிப்பில் 547 என்றிருந்த சராசரி 2022இல் 484, 490 என இறங்கியது உண்மைதான். ஆனால் கணிதம் 2012இலேயே 519க்கு வந்துவிட்டது. புதிய கலைத்திட்டம் வகுப்பறைக்குள் நுழையும் முன்பே சரிவு தொடங்கிவிட்டது. ஆய்வாளர் கேப்ரியல் ஹெல்லர் சால்கிரென் 2015இல் வேறொரு விளக்கம் தந்தார்: உச்சத்தைத் தந்தது பழைய கண்டிப்பான வகுப்பறை மரபு, அது தளர்ந்ததும் முடிவுகளும் இறங்கின. கல்வியியல் அறிஞர் ஹன்னு சிமோலாவும் 2005இலேயே, பின்லாந்து ஆசிரியர்களின் மரபார்ந்த கற்பித்தலைக் கவனிக்கச் சொன்னார். இதில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. முழு விளக்கமாக நான் ஏற்கவில்லை, ஏனெனில் இதே காலத்தில் வேறு கல்வி மரபுள்ள பல நாடுகளும் சரிந்தன. என் கவலை வேறு. மாதிரி ஆய்வு நாட்டுக்குக் காய்ச்சல் என்று சொல்லும். எந்தப் பள்ளிக்கு என்று சொல்லாது. ஆய்வுக்குள் வராத பள்ளி, தான் எங்கே நிற்கிறது என்று அறியாமலே ஆண்டுகளைக் கடத்திவிட முடியும்.

அப்படியானால் ஒன்பதாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வைத்துவிடலாமே என்பது இயல்பான எதிர்வாதம். அண்டை நாடான சுவீடன் ஒன்பதாம் வகுப்பில் தேசியத் தேர்வுகளை நடத்துகிறது. ஆயினும் தேர்வு காட்டும் தரத்துக்கும் பள்ளி இடும் மதிப்பெண்ணுக்கும் இடையிலான இடைவெளி அங்கே ஓயாத விவாதமாகவே இருக்கிறது. பின்லாந்திலேயே, 2020 முதல் பல்கலைக்கழக இடங்களில் பாதிக்கும் மேல் மேல்நிலை இறுதித் தேர்வுச் சான்றிதழைக் கொண்டு நிரப்பப்படுகின்றன. உயர்நிலைக் கணிதத்துக்குப் புள்ளிகள் அதிகம் என்பதால் விருப்பத்தைவிடப் புள்ளியைப் பார்த்துப் பாடம் எடுக்கும் போக்கு வளர்ந்தது. எழுந்த விமரிசனத்தால் அந்தப் புள்ளிமுறையையே திருத்த நேர்ந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் இதே நெருக்கடியைக் கொண்டுபோவது தீர்வாகாது. மறுபுறம், மதிப்பெண் வேறுபாடு ஆசிரியர் சுதந்திரத்துக்கு நாம் தரும் விலை என்று சொல்கிறவர்களையும் ஏற்க முடியவில்லை. அந்த விலையைச் செலுத்துவது ஆசிரியர் அல்லர், அரைப் புள்ளியில் இடத்தை இழக்கும் பிள்ளை.

இடைவழி ஒன்று அங்கே ஏற்கெனவே முளைவிட்டிருக்கிறது. கணித, அறிவியல் ஆசிரியர்களின் சங்கம் ஒன்பதாம் வகுப்புக்கென நாடளாவிய கணிதத் தேர்வுத்தாள் ஒன்றைத் தயாரிக்கிறது. விரும்பும் பள்ளிகள் அதை வாங்கி நடத்துகின்றன. ஆசிரியர் தன் வகுப்பை வெளியிலுள்ள அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறார். இது பணம் கொடுத்து வாங்கும் பள்ளிகளோடு நிற்காமல் எல்லாப் பள்ளிக்கும் எல்லா முதன்மைப் பாடங்களுக்கும் அரசுச் செலவில் கிடைக்க வேண்டும். முடிவுகள் பள்ளிக்குள்ளேயே இருக்க வேண்டும். அண்டைப் பள்ளி ஆசிரியர்கள் ஒருவர் திருத்திய தாளை இன்னொருவர் பார்த்து விவாதிக்க, ஊதியத்துடன் கூடிய பணிநேரம் ஒதுக்கப்பட வேண்டும். நகராட்சிகள் சிக்கனம் பேசும் இந்நாள்களில் முதலில் வெட்டுப்படக்கூடியது இந்த நேரம்தான்.