ஹோர்டஸ் மலபாரிகஸ்: பெயரீடும் மண்ணறிவும்

முன்னுரை

திணைக் கோட்பாட்டில் தாவரம் தனித்து நிற்பதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருளாக, மரமும் பூவும் அவற்றைச் சார்ந்த கருப்பொருளாக அமைகின்றன. ஒரு செடியை அறிதல் என்பது அது நிற்கும் இடத்தையும் அறிதலே என்னும் இவ்வுணர்வு செய்யுள் மரபிற்கு மட்டும் உரியதன்று. மருத்துவர், உழவர், கானவர் ஆகியோரின் வழக்கிலும் உறைந்துள்ளது. அவ்வழக்கு ஏடேறும்போது எது எஞ்சுகிறது, எது நீங்குகிறது என்னும் வினாவை, கொச்சியில் உருவான ஹோர்டஸ் மலபாரிகஸ் என்னும் இலத்தீன் நூலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

நூலின் தோற்றம்

டச்சுக்காரர் 1663இல் கொச்சியைக் கைப்பற்றினர். பின்னர் மலபாரில் அவர்தம் ஆட்சிப் பொறுப்பேற்ற ஹென்றிக் வான் ரீடின் முயற்சியால் தொகுக்கப்பெற்ற இந்நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்கள் படங்களுடன் இதில் விளக்கப்பட்டுள்ளன. கே. எஸ். மணிலாலின் நெடுநாளைய உழைப்பால் இதன் ஆங்கில ஆக்கம் 2003இலும் மலையாள ஆக்கம் 2008இலும் கேரளப் பல்கலைக்கழக வெளியீடுகளாக வந்தன. மலையாள மண்ணில் பெறப்பட்ட அறிவு மலையாள நூலாகத் திரும்பி வர 330 ஆண்டுகள் ஆயின என்பது எண்ணத்தக்கது.

பெயரில் உறையும் சூழலறிவு

இந்நூலின் தலைப்புப் பெயர்கள் பல நாட்டு வழக்கிலிருந்தே கொள்ளப்பட்டவை. கருநொச்சி, வெண்நொச்சி, நீர்நொச்சில் எனவும், ஆம்பல், நெய்தலாம்பல் எனவும் வரும் பெயர்கள் தமிழ் ஆய்வாளருக்கு அயலானவை அல்ல. இவற்றுள் நீர்நொச்சில் தனித்து நோக்கத்தக்கது. மட்டாஞ்சேரி போன்ற காயற்கரை ஊர்களில், உப்புநீர் ஏறி இறங்கும் விளிம்பில் வளரும் செடி இது. ‘நொச்சில்’ இனத்தைச் சுட்ட, ‘நீர்’ என்னும் அடை வாழிடத்தைச் சுட்டுகிறது. லின்னேயஸ் 1753இல் இதற்கு இட்ட வோல்கமேரியா இனெர்மிஸ் என்னும் பெயரில் முன்சொல் ஐரோப்பியத் தாவர அறிஞர் ஒருவரை நினைவுகூர்கிறது. பின்சொல் முள்ளற்றது எனப் பொருள்படுகிறது. உலகெங்கும் ஒரே செடியைப் பிழையின்றிக் குறிக்க இருசொற்பெயர் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. எனினும் நாட்டுப்பெயர் ஆற்றிய பணி வேறு. எந்நிலத்தில் எதைக் காக்கவேண்டும் என்பதை அப்பெயரே உணர்த்திற்று.

சான்றுரைகளும் பெயரற்றோரும்

முதல் தொகுதியில் இடம்பெறும் சான்றுரைகள் இந்நூலுக்குத் தனிச்சிறப்புச் சேர்ப்பன. ஈழவ மருத்துவரான இட்டி அச்சுதன், தம் ஏட்டறிவையும் பட்டறிவையும் துணைக்கொண்டு கூறியவற்றை 1675இல் கோலெழுத்தில் எழுதி உறுதிப்படுத்தினார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி மருத்துவர் மூவரும் தம் சான்றுரையை வழங்கினர். ரிச்சர்டு குரோவ் 1995இல் வெளியிட்ட ‘கிரீன் இம்பீரியலிசம்’ என்னும் நூலில், ஈழவரின் வகைப்பாட்டறிவே இந்நூலின் அமைப்பை வழிநடத்தியது என நிறுவ முயன்றார். காலனியப் படைப்பாக மட்டும் கருதப்பட்ட நூலில் உள்நாட்டார் பங்கை முன்னிறுத்தியது அவர் ஆய்வின் வலிமை. ஆயின் ஒரு சமூகத்திற்கே முதன்மை தரும்போது கொங்கணி மருத்துவரின் பங்கு பின்தள்ளப்படுகிறது. அதனினும் முதன்மையானது, செடிகளைத் தேடிக் கொணரப் பணியாளர் அனுப்பப்பட்டமையைக் கொங்கணியரின் சான்றுரையே குறிப்பதாகும். எச்செடி எங்கு, எப்பருவத்தில் கிடைக்கும் என அறிந்தவர் அவரே. அவர் பெயரோ நூலில் இல்லை.

இன்றைய பொருத்தம்

இது பழங்கதை அன்று. அகத்தியமலையில் 1987இல் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை, ஜீவனி என்னும் மருந்தாயிற்று. உரிமத் தொகையிலும் உரிமப்பங்கிலும் பாதி அம்மக்களுக்கு என ஏற்கப்பட்டது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் (2002) இத்தகைய பயன்பகிர்வைச் சட்டக் கடமையாக்கியது. 2023ஆம் ஆண்டுத் திருத்தமோ நூல்வழித் தொகுக்கப்பட்ட மரபறிவின் பயன்பாட்டிற்கு அக்கடமையிலிருந்து விலக்களித்துள்ளது. வாய்மொழி அறிவு நூலாகும் கணமே தந்தவரின் உரிமை நெகிழ்கிறது எனின், ஏடேற்றம் காப்பா இழப்பா என்னும் வினா எழுகிறது.

கொச்சியைச் சூழ்ந்த பொக்காளி வயல்களும் இதனையே உணர்த்துகின்றன. மழைக்காலத்தில் உவர்தாங்கும் நெல்லும், அறுவடைக்குப்பின் இறாலும் மாறிமாறி விளையும் இம்முறை, நீரேற்றமும் மதகும் பருவமும் அறிந்தோர் கையில்தான் வாழ்கிறது. 2008இல் கிடைத்த புவிசார் குறியீடு பொக்காளியின் பெயரைக் காத்தது. வயல்களோ சுருங்கி வருகின்றன.

முடிவுரை

ஊர்தோறும் தொகுக்கப்படும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகள் செடியின் பெயரோடும் பயனோடும் நின்றுவிடின், அவை ஹோர்டஸ் மலபாரிகஸின் குறையையே மீண்டும் செய்வனவாகும். நிலம், பொழுது, கையாளும் முறை, அறிவைத் தந்தவர் பெயர், அவர்தம் இசைவு ஆகிய அனைத்தும் அவற்றில் இடம்பெறல் வேண்டும். முதலையும் கருவையும் பிரிக்காத திணைநெறி இப்பணிக்கு ஏற்ற சட்டகமாகும். அதனைப் பொருள்நூற் பாடமாக மட்டும் பயிற்றுவிக்கும் தமிழ்த்துறைகள், வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டும் களப்பணியிலும் ஈடுபடுதல் காலத்தின் தேவையாகும்.