காவடிச்சிந்து: வழிநடைப் பாட்டு இலக்கியமான விதம்

காவடிச்சிந்து என்பது கழுகுமலை முருகன் மீது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய இசைப்பாடல்களின் தொகுப்பு. காவடி எடுப்போரின் நடைமெட்டில் புலவர் தமிழை ஏற்றிப் பாடியதே இந்நூலின் சாதனை. பிற்காலத்தில் காவடிச்சிந்து என்றாலே ரெட்டியாரின் பெயர் நினைவுக்கு வரும் நிலை உருவானது.

பின்னணி

சங்கரன்கோவில் வட்டாரத்திலுள்ள சென்னிகுளம் 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் அடங்குகிறது. ரெட்டியார் திருவாவடுதுறை ஆதீனத்தில் தமிழ் பயின்றார், உ.வே.சாமிநாதையரிடமும் பாடம் கேட்டார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரின் ஆதரவைப் பெற்றார். ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது வழிநடையில் பாடப்பட்டவை இப்பாடல்கள் என்பது வழங்கிவரும் செய்தி. முப்பது வயதை எட்டும் முன்பே ரெட்டியார் மறைந்தார்.

குற்றாலத்து முன்னோடி

மக்கள் மெட்டில் இலக்கியம் செய்வது இப்பகுதிக்குப் புதிதன்று. தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டிலேயே திருக்குற்றாலக் குறவஞ்சியில் இதைச் செய்து காட்டினார். சிங்கியின் காலில் கிடக்கும் சிலம்பைக் கண்டு விரியன் பாம்போ எனச் சிங்கன் கேட்பதும், அது குறி சொல்லிப் பெற்ற அணி எனச் சிங்கி விளக்குவதும் எளிய பேச்சிலேயே நடக்கின்றன. குறவஞ்சியில் கதை உண்டு. பாத்திரத்துக்குப் பாத்திரம் குரலும் மாறும். காவடிச்சிந்தில் தொடர்கதை இல்லை. தாளமும் சொல்லுமே பாட்டைத் தாங்க வேண்டும்.

சொல்லும் அடிவைப்பும்

ரெட்டியார் அதை எப்படித் தாங்கவைத்தார் என்பதற்குச் ‘சென்னிகுள நகர்வாசன்’ எனத் தொடங்கும் பாடல் நல்ல சான்று. முதலில் ஒரே ஈற்றொலியில் முடியும் இரண்டு சிறு துண்டுகள். அடுத்து மூச்சு விடாமல் ஓடும் நீண்ட சொற்றொடர். முடிவில் இயைபு அமைந்த இரண்டு குறுந்தொடர்கள். இரண்டு எட்டு வைத்து, ஓடி, நிற்கும் ஆட்டக்காரனின் அடிவைப்பு இதில் அப்படியே இருக்கிறது. சொற்செறிவு பாட்டுக்குச் சுமையாகவில்லை. அதுவே ஓட்டத்தைத் தருகிறது. முதல் கேட்பில் பொருள் முழுதும் விளங்காதவரையும் தாளம் உடன் அழைத்துச் செல்கிறது. பொருள் அடுத்தடுத்த கேட்பில் திறக்கிறது.

நூலில் குறைகளும் உண்டு. நகர்வளம், கோயில்வளம் பாடும் இடங்களில் உள்ள புத்துணர்ச்சி அகத்துறைப் பாடல்கள் எல்லாவற்றிலும் இல்லை. தலைவியின் ஏக்கமும் பாங்கியின் தூதும் சில இடங்களில் மரபான வாய்பாடாகவே நின்றுவிடுகின்றன. அங்கும் ஓசை மட்டும் தளர்வதில்லை.

மேடையும் பாடநூலும்

குற்றாலக் குறவஞ்சிக்கு 1944இல் கலாக்ஷேத்திராவின் நாட்டிய நாடக மேடை கிடைத்தது. ரசிகமணி டி.கே.சி. அதற்கு ஊக்கமளித்தவர். காவடிச்சிந்தோ கச்சேரியின் கடைசிப் பகுதியில் துக்கடாவாக இடம்பெற்றது. பாடநூலில் அது மனப்பாடச் செய்யுளானது. கச்சேரியில் நடை போயிற்று. வகுப்பறையில் இசையும் போயிற்று. இரண்டையும் இழந்த சிந்தைப் படித்துவிட்டு அது கடினம் என்று ஒதுக்குவது நூலுக்குச் செய்யும் அநீதி. மாணவர் கைத்தாளம் போட்டு, நடந்துகொண்டே ஒருமுறை பாடினால் சீர்பிரிப்பு தானே விளங்கும்.

2018இல் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் போன்ற குழுக்கள் கானாவை ராக், ராப் இசையோடு சேர்த்துச் சமூக நீதி பேசுகின்றன. ஜமீன் ஆதரவில் பக்தி பாடிய ரெட்டியாரின் உலகம் வேறு. இவர்களின் உலகம் வேறு. ஆயினும் மக்களின் தாளம் எவ்வளவு கனமான சொல்லையும் தாங்கும் என்ற நம்பிக்கை இரு தரப்புக்கும் பொது. அந்த நம்பிக்கைக்குத் தென்காசிச் சீமையில் கிடைக்கும் வலுவான சான்று காவடிச்சிந்து.