நன்றி வேறு, இஜாஸத் வேறு

‘பாடலின் உரிமை உரியவர்களுக்கே, அதை மீறும் எண்ணம் எமக்கில்லை, அவர்களுக்கு எம் நன்றி.’ யூடியூபில் ஏற்றப்படும் காணொளிகள் பலவற்றின் அடியில் இத்தகைய வாசகம் ஒன்று இடம்பெறக் காண்கிறோம். ஊர்க் கந்தூரியைப் படம்பிடித்தவர், நிகாஹ் காட்சிகளைத் தொகுத்தவர், பிரியாணி சமைக்கக் கற்பிப்பவர், பெருநாள் வாழ்த்துக் கூறுபவர் என எவராயினும், யாரோ பாடிய பாடலைப் பின்னணியில் ஓடவிட்டுக் கீழே இந்நன்றியைப் பொறித்துவிடுகின்றனர். அக்காணொளியில் விளம்பரம் வருகிறது. விளம்பரத்தால் வருவாயும் வருகிறது. தாயத்துக் கட்டிக்கொண்டவனின் துணிவு அவர்களுக்கு இவ்வாசகத்தால் உண்டாகிறது. ஒரு நூலை எடுத்து ஆராய்வது போல இவ்வாசகத்தையே ஈண்டு எடுத்து ஆராய்வோம்.

‘உரிமை உரியவர்களுக்கே’ என்பது முதற்கூறு. இதனை ஃபிக்ஹு நூலோர் இக்ரார் என்பர். பொருள் தன்னுடையதன்று, பிறருடையது என்று ஒருவன் தன் வாயாலேயே ஒப்புக்கொள்வது. காஜியார் முன்னிலையில், ஒப்புக்கொண்டவனுக்கு எதிராக இதனினும் வலிய சான்று வேறில்லை. தம்மைக் காக்கும் என்று கருதி எழுதிய சொல், எழுதியவருக்கே எதிர்ச்சாட்சியாய் நிற்கிறது!

‘மீறும் எண்ணம் இல்லை’ என்பது இரண்டாம் கூறு. நிய்யத் என்பது வணக்கங்களுக்கு உயிர், அதில் ஐயமில்லை. ஆனால் பிறர் பொருளுக்கு நேர்ந்த இழப்பில் நிய்யத்தை வினவுவதில்லை. உறக்கத்தில் புரண்டு அயலான் பாண்டத்தை உடைத்தவன் குற்றவாளியல்லன்; எனினும் ளமான் எனப்படும் ஈடு அவன்மீது கடனாகிறது. இத்தனைக்கும் இங்கே எவரும் உறங்கவில்லை. பாடலைத் தேடி, வெட்டி, ஒட்டி, விளம்பரத்துக்கும் இசைவளித்த பின்னரே ‘எண்ணம் இல்லை’ என்று எழுதுகின்றனர்.

எஞ்சியது நன்றி. நன்றி என்பது கொடுத்தவருக்குக் கூறுவது. எடுத்துக்கொண்டவர் கூறுவதற்கு அப்பெயர் பொருந்துமா?

நம் கல்வி மரபில் இதற்கு ஒரு நல்ல சொல் உண்டு: இஜாஸத். ஹதீஸ் நூல் ஒன்று மாணவனின் கையில் இருக்கலாம். அதனை அவன் முழுதும் மனனம் செய்தும் இருக்கலாம். ஆயினும் ஆசிரியர் ‘என்னிடமிருந்து இதனை நீ அறிவிக்கலாம்’ என்று இஜாஸத் வழங்கிய பின்னரே அவர் பெயரால் அதனைப் பிறருக்கு அறிவிக்க முற்படுவான். நூல் கையிலிருப்பது ஒன்று. அதைப் பிறரிடம் கொண்டு செல்லும் தகுதி மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிந்த சமுதாயம் நாம். காசு கொடுத்துப் பாடலை வாங்கினேன் என்பவர், தம் வீட்டில் கேட்கும் உரிமையை வாங்கினாரேயன்றி ஊருக்கு ஒலிபரப்பும் இஜாஸத்தை வாங்கினாரல்லர்.

‘முன்னோர் கல்விக்கு விலை வைத்தனரா? பக்தாதின் நூல் எழுத்தர்கள் படியெடுத்து விற்றபோது ஆசிரியருக்குப் பங்கு கொடுத்தனரா?’ என்று வினவும் அன்பர்கள் உளர். வினா நியாயமானதே. கொடுக்கவில்லை. ஆனால் அவர்கள் பெற்ற விலை காகிதத்துக்கும் கைவருத்தத்துக்கும் உரியது; ஒவ்வொரு படிக்கும் ஓர் உழைப்பு இருந்தது. இன்று ஒருவர் கணினியில் ஒருமுறை ஏற்றிய பாடல், அவர் உறங்கும்போதும் கேட்கப்படுகிறது. கேட்கப்படும் தோறும் காசாகிறது. அக்காசை ஈட்டுவதில் பாடலுக்குப் பெரும் பங்குண்டு. அப்பாடலை ஆக்கியவனுக்கு மட்டும் அதில் பங்கில்லை என்பது எந்த நீதியில் சேரும்?

கண்ணுக்குப் புலனாகாத உரிமையைப் பொருளென்று கொள்ளலாமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை இருந்ததுண்டு. பழைய ஹனஃபீ அறிஞர்கள், கையகப்படுத்தக்கூடிய பருப்பொருளையே ‘மால்’ என்றனர். நம் கடற்கரை ஊர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபோ பொருளின் பயனையும் ‘மால்’ என்றே கொள்கிறது. அபகரித்த வீட்டில் குடியிருந்தவன் அக்காலத்துக்குரிய வாடகையையும் ஈடாகத் தரவேண்டும் என்கிறது. நம் காலத்திலும், நூலுரிமையை ஒதுக்கிவைத்தல் ஆகாது என்றார் முஃப்தி முஹம்மது ஷஃபீ. ஆகும் என்று விரித்தெழுதினார் அவர் மைந்தர் முஃப்தி தகீ உஸ்மானீ. தந்தைக்கும் தனயருக்குமிடையே இத்தகைய வேற்றுமை கல்விக்கு அழகே. பின்னர் 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹுப் பேரவை, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தில் மதிக்கப்படுபவை, அவற்றை மீறுதல் கூடாது என்று தீர்மானித்தது. இசை ஆகுமா ஆகாதா என்பது வேறு மஸ்அலா. அதை நாம் இங்கே எடுக்கவில்லை. ஆகாது என்போர்க்கும் பிறர் ஒலிப்பதிவைக் கொண்டு பணமீட்டும் உரிமை வந்துவிடாது.

இனி நாட்டின் சட்டத்தை நோக்குவோம். ஒரு பாடலுக்கு உரிமை ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பல மாடிக் கட்டடம். சொற்களுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, பாடியவருக்கு ஓர் உரிமை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சொற்களும் மெட்டும் அவற்றை ஆக்கியவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகளும், ஒலிப்பதிவு வெளியான பின் 60 ஆண்டுகளும் காக்கப்படுகின்றன. ஆகவே 1960-இல் வெளியான இசைத்தட்டு ஒன்றின் ஒலிப்பதிவுரிமை 2020-உடன் முடிந்திருக்கும். ஆனால் அதன் கவிஞர் 1990-இல் மறைந்தவராயின் சொற்களின் உரிமை 2050 வரை அவர் மக்களிடமோ, எழுதி வாங்கியவரிடமோ இருக்கும். ‘பழைய பாட்டுத்தானே’ என்பவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அவர்களின் பாடல்களை எடுத்துக்கொள்வோம். அவை எவருடைய தனியுடைமையும் அல்ல. யாரும் பாடலாம், அச்சிடலாம். எனினும் அண்மையில் ஒருவர் அவற்றுக்குப் புது மெட்டமைத்துப் பாடிப் பதிவு செய்திருப்பின், அம்மெட்டும் அப்பதிவும் உரிமையுள்ளவை. மஸ்தான் சாகிபு அனைவருக்கும் பொது. அந்தப் பாடகரின் குரல் பொதுவன்று.

நம்மவரின் மற்றொரு பழக்கத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இஸ்லாமியப் பாட்டுப் புத்தகங்களில் பாடலின் தலைப்பில் இன்ன திரைப்படப் பாட்டின் மெட்டு என்று அச்சிடுவது நெடுநாள் வழக்கம். சொல் நம்முடையது, மெட்டு பிறருடையது. அச்சுப் புத்தகத்தில் மெட்டு ஒலிக்காது. ஆகவே எவரும் கேட்கவில்லை. காணொளியில் அது ஒலிக்கிறது. பக்திப் பாடலாயிற்றே என்ற நினைப்பு இங்கே செல்லாது. நபிபுகழ் பாட இரவல் மெட்டு எதற்கு என்பது நமது பழைய மனக்குறை. அதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்.

திருமண வீட்டார் அறியவேண்டியதும் ஒன்றுண்டு. உண்மையான சமயச் சடங்கிலும், அதில் அடங்கும் திருமண ஊர்வலம், திருமணக் கொண்டாட்டங்களிலும் பாடலை ஒலிக்கச் செய்வதற்குச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. மண்டபத்தில் ஒலித்ததற்குத் தந்த அவ்விலக்கு, அதே காட்சியைப் பாடலோடு ஏற்றி விளம்பர வருவாய் பெறுவதற்கும் சேர்த்துத் தந்ததன்று. திறனாய்வுக்கும், செய்தி கூறுவதற்கும் நியாயமான அளவில் எடுத்தாளலாம். 30 விநாடிக்குட்பட்டால் குற்றமில்லை என்று ஒருவர் சொல்ல மற்றவர் நம்பிவருகிறார். அப்படியொரு விநாடிக் கணக்கு அச்சட்டத்தில் எங்குமில்லை.

2024 மே மாதம், 1991-இல் வெளியான ‘குணா’ படப் பாடலை ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்னும் மலையாளப் படத்தில் பயன்படுத்தியமைக்காக இளையராஜா வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியபோது, தயாரிப்பாளர் தரப்பு ஒலிப்பதிவு நிறுவனங்களிடம் உரிமை பெற்றுள்ளதாகக் கூறியது. பெரும் பொருள் செலவிட்டுப் படமெடுப்போரிடையேயே இவ்வழக்கு எழுமாயின், கைப்பேசியில் படம்பிடிப்பவர் விசாரியாமல் இருக்கலாமா?

விசாரியாதவரை இயந்திரம் விசாரிக்கிறது. ‘கண்டெண்ட் ஐடி’ என்னும் அமைப்பை யூடியூப் 2007-இல் கொண்டுவந்தது. உரிமையாளர் ஒப்படைத்த பாடல்களின் ஒலியைக் கைரேகை போலப் பதிந்து வைத்து, ஏற்றப்படும் ஒவ்வொரு காணொளியோடும் அது ஒப்பிடுகிறது. ஒத்துவந்தால் உரிமையாளர் காணொளியைத் தடுக்கலாம், கண்காணித்து விட்டுவிடலாம், அன்றி விளம்பர வருவாயைத் தாமே எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் மூன்றாவதையே தேர்கின்றனர். ஆக, நன்றி எழுதியவர் உழைக்கிறார், ஊதியம் வேறொருவரிடம் போகிறது. இதற்கு அப்பால், உரிமையாளர் முறைப்படி புகார் கொடுத்து, 90 நாட்களுக்குள் அத்தகைய கண்டனம் மூன்று சேர்ந்தால், சேனலே மூடப்படலாம்.

இயந்திரத்தின் தீர்ப்பு எப்போதும் நீதியாகிவிடாது. ஆஸ்திரேலியர் ஒருவர் பத்து மணி நேர வெற்றிரைச்சலைத் தாமே உண்டாக்கி ஏற்றியதற்கும் ஐந்து உரிமைக் கோரிக்கைகள் வந்த செய்தி 2018-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருவர், தமக்குரியதல்லாத 50,000-க்கும் மேற்பட்ட பாடல்களைத் தமதெனக் காட்டி 2 கோடி டாலருக்கும் மேல் கவர்ந்து, நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். எடுத்தாள்பவன் மட்டுமன்றி, உரிமை கோருபவனும் கள்வனாய் இருத்தல் கூடும். தம் சொந்தப் பதிவுக்குப் பொய்க் கோரிக்கை வரின் அஞ்சி ஒதுங்காமல் மறுப்புத் தெரிவிப்பதே முறை. அதற்கு யூடியூபிலேயே வழியுண்டு.

நம் நெஞ்சை உறுத்துவது பாடல் எழுதியவர்களின் நிலை. நாகூர் இ.எம். ஹனீபா (1925–2015) அவர்களின் குரலை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லமில்லை. அவர் பாடிய பாடல்களை எழுதிய கவிஞர்கள் ஐவரின் பெயரைக் கூறுங்கள் என்றால் நம்மில் எத்தனை பேர் கூறுவோம்? நன்றி எழுதும் காணொளிகளும் ‘உரியவர்களுக்கே’ என்கின்றன. அந்த உரியவர் யாரென்று எழுதுவதில்லை. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் ஆக்கம் பயன்படும் வழிகளில் சமபங்கு ஊதியம் பெறும் உரிமையை உறுதிசெய்தது. அவ்வுரிமையைத் தம் வாரிசுகளுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் அவர்கள் விட்டுக்கொடுக்க இயலாது என்றும் விதித்தது. பெயரே தெரியாத கவிஞனின் வாரிசுக்கு அப்பங்கு எவ்வாறு போய்ச்சேரும்?

சேனல் நடத்தும் இளைஞர்கள் பாடலே வேண்டாமென்று ஒதுங்க வேண்டியதில்லை. யூடியூப் தன் ஒலி நூலகத்தில் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க இசையை வைத்துள்ளது. அதைவிடச் சிறந்தது, உரிமை முடிந்த நம் புலவர்களின் பாடல்களை உள்ளூரில் குரல்வளமுள்ள ஒருவரைக் கொண்டு புது மெட்டில் பாடுவித்துப் பதிவதாகும். மெட்டமைத்தவர் இன்னார், பாடியவர் இன்னார், எந்தப் பயனுக்கு இசைந்தார், வருவாயில் அவர் பங்கு எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி இருதரப்பும் கையொப்பமிட்டுக்கொள்க. பிறர் பாடலே வேண்டுமாயின் முதலில் உரியவரைத் தேடிக் கண்டு, அவருடைய எழுத்துமூலமான இசைவைப் பெறுக. காணொளியின் அடியில் கவிஞர் பெயரை முதலாவதாக எழுதுக. அதன்பின் நன்றியும் சேர்த்துக்கொள்ளலாம்.