உழவு ஓட்டிய பிட்ச்

சின்னசேலம் பக்கம் நான் பார்த்த மேட்ச்கள் பெரும்பாலும் மக்காச்சோளம் அறுத்த கொல்லையில் நடந்தவை. தட்டை வெட்டியபின் நிற்கும் அடிக்கட்டை காலைக் குத்தும். பையன்கள் மண்வெட்டியால் பிட்ச் அளவுக்கு மட்டும் செதுக்கி, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, காலால் மிதித்து இறுக்குவார்கள். பந்து கிணற்றில் விழுந்தால் அவுட். அடுத்த மழைக்கு உழவு ஓட்டிவிட்டால் கிரவுண்டே கிடையாது.

அதனால்தானோ என்னவோ, தமிழரசன் பச்சமுத்து இயக்கி 2024-இல் வந்த ‘லப்பர் பந்து’ படத்தில் டிராக்டர் காட்சி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மட்டையும் கையுமாகத் திரியும் கணவன் மேலுள்ள ஆத்திரத்தில் யசோதை டிராக்டரை ஓட்டிவந்து பிட்ச்சை உழுதுவிடுகிறாள். ஸ்டேடியத்தில் இந்தக் காட்சிக்கு இடமில்லை. விளையாட்டும் வயிற்றுப்பாடும் ஒரே மண்ணுக்குப் போட்டி போடுகிற ஊரில்தான் அது நடக்கும். டீமில் யாரைச் சேர்ப்பது என்பதில் சாதி நுழைவதும் அப்படித்தான். கேலரி இல்லாத கிரவுண்டில் அது மறைய ஓர் இடமில்லை.

நிஜ மைதானத்தில் படம் எடுப்பதற்கு வேறொரு பலமும் உண்டு. 1983 உலகக் கோப்பையில், ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊரில் ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து நின்றது. கபில்தேவ் அவுட் ஆகாமல் 175 அடித்தார். அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிப் பதிவு கிடையாது. ‘83’ படக்குழு (நம் ஸ்ரீகாந்தாக ஜீவா நடித்த படம்) அதே நெவில் மைதானத்துக்கே போய் அந்த இன்னிங்ஸை எடுத்தது. கதையாகக் காதில் மட்டும் விழுந்த ஆட்டத்துக்கு உருவம் கிடைத்தது. ஆனால் ஒப்பிட அசல் இல்லாத இடத்தில் நகல்தானே அசலாகிவிடும்? கபிலாக நடித்த ரன்வீர் சிங் அடித்த ஷாட்டையே கபில் அடித்ததாக இனி ஒரு தலைமுறை நினைத்துக்கொள்ளும். இடம் நிஜமாக இருக்க இருக்க, பொய்யைச் சந்தேகிக்கத் தோன்றாது.

செட் போட்டால் அந்தச் சிக்கல் இல்லை. ‘பிகில்’ படத்துக்காகச் சென்னையை அடுத்த ஈவிபி பிலிம் சிட்டியில் கால்பந்து மைதானத்தையே எழுப்பினார்கள். விளக்கு, புல், ஆரவாரம் எல்லாம் இருந்தன. எந்த ஊர் மைதானம் என்று கேட்டால்தான் பதில் இல்லை.

அமெரிக்காவில் ‘லப்பர் பந்து’ காட்சி தலைகீழாக நடந்தது. பேஸ்பால் ஆட்டம் நம்மூரில் பலருக்கும் தெரியாது. ஆனால் 1989-இல் வந்த ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ படத்தின் கதை சின்னசேலத்துக்காரருக்கு உடனே புரியும். மக்காச்சோளக் காட்டை அழித்து ஒரு விவசாயி மைதானம் போடுகிறான். படத்துக்காக அயோவா மாநிலத்தின் டயர்ஸ்வில்லில் போட்ட அந்த மைதானம் அப்படியே நிலைத்து, ஆட்கள் தேடிவந்து பார்க்கும் இடமாகிவிட்டது. அதன் பக்கத்திலேயே ஒரு ஸ்டேடியம் கட்டி, 2021 ஆகஸ்ட் 12 அன்று மேஜர் லீக் ஆட்டமும் நடத்தினார்கள். அங்கே சினிமாவுக்காகச் சோளம் மைதானமானது. நம் படத்தில் மைதானம் உழவாகிறது. எனக்கு நம்முடையதுதான் நம்பும்படி இருக்கிறது. விளைச்சலை விட்டுக்கொடுத்து விளையாட்டுக்கு நிலம் ஒதுக்குகிற விவசாயியைக் கல்வராயன் மலையில் ஏறி இறங்கினாலும் நான் கண்டதில்லை. மேலே சமமாக ஓர் இடம் கிடைத்தால் அதில் மரவள்ளிக் குச்சி ஊன்றிவிடுவார்கள்.

படம் உண்மையைக் காட்டுகிறது என்பதற்காகப் படப்பிடிப்பு நியாயமாக நடந்ததாகச் சொல்லிவிட முடியாது. ஒரு கொல்லையைச் சினிமாவுக்கு விட்டால் வாடகை நிலத்துக்காரருக்குப் போகும். ஜெனரேட்டர் வண்டி வந்து நிற்கும், டிராலிக்குத் தண்டவாளம் போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் தள்ளிப்போகும். செதுக்கித் தண்ணீர் தெளித்து மிதித்த பையன்களைக் கூப்பிட்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே நிறுத்தி, கைதட்டச் சொல்வார்கள்.