அயலாரை முறைப்பெயரால் விளித்தல்

முன்பின் அறியா இளையோரை முதியோர் 'ஐயா' எனவும் 'தாயி' எனவும் 'ராசா' எனவும் அழைத்தல் தமிழ்நாட்டில் பலவிடத்தும் காணும் வழக்கு. கொங்கு நாட்டார் 'கண்ணு' என்பர். 'சாமி' என்றலும் உண்டு. யாழ்ப்பாணத்து முதியோர் வாயில் பயிலும் 'மோனை', மகன் என்னும் பெயரடியாக வந்தது. இவை அன்புச்சொற்கள் என்று கூறி அமைதல் எளிது. அவ்வளவில் அமைதல் பொருந்தாதென்பது எம் கருத்து.

தொல்காப்பியர் விளிமரபில், முறைப்பெயர் விளியேற்குமாற்றைத் தனித்துக் கூறினார். அப்பெயரால் யாரை விளித்தல் தகும் என்பது ஆண்டு அவர்க்கு வேண்டப்படுவதன்று. நன்னூலார் பொதுவியலில், உவப்பு முதலிய காரணம்பற்றித் திணையும் பாலும் மயங்கி வருதலை வழுவமைதியாகக் கொண்டார். ஆவினையும் புதல்வனையும் 'அம்மை' என்றல் உரையாளர் காட்டும் எடுத்துக்காட்டு. சிறுவனை 'ஐயா' என்னும் இன்றைய வழக்கு இதற்கு அணித்தே நிற்பது. ஆயின் அவ்வாவும் புதல்வனும் சொல்வோன் தன்னுடையன என்பதை மறத்தலாகாது. பேருந்தில் அருகிருக்கும் முகமறியா இளைஞனை நோக்கி, "நம்ம ஊரு எப்ப வரும் ராசா?" என வினவும் மூதாட்டிக்கு அவன்பால் உவப்புத் தோன்றக் காரணம் இன்னும் பிறந்திலது. சொல் முன்னே செல்கின்றது. உறவு அதன்பின் வருகின்றது. இதனை உவப்பின்பாற் படுத்தல் எங்ஙனம்?

சிலப்பதிகாரம் இவ்வையத்திற்கு விடை தருகின்றது. நாடுகாண் காதையில், கோவலனும் கண்ணகியும் யாவர் என வினவிய இருவர்க்குக் கவுந்தியடிகள் அவரை 'மக்கள்' எனச் சுட்டுகின்றார். அச்சொற்கு மாந்தர் என்னும் பொருளும் உண்மையின், அடிகள் முறை கூறினாரல்லர் என ஒருவர் வாதிடலாம். அங்ஙனமாயின், ஒருவயிற்றுப் பிறந்தார் கணவனும் மனைவியுமாய் வாழ்தலும் உண்டோ என அவ்விருவரும் எள்ளுதற்கு இடமே இன்று. முறைப்பெயரைக் குருதியுறவாகவே கொண்டு நகைத்தமைதான் அவர் பிழை. அதற்காக 12 திங்கள் நரியாய்த் திரிந்தனர். (வகுப்பில் இப்பகுதியைப் பயிற்றுங்கால் மாணவரும் முதலில் அவ்விருவர் கொண்ட பொருளையே கொள்ளக் கண்டுள்ளோம், நகைப்பதில்லை என்பதே வேறுபாடு.)

மாதரி செய்தது இதனினும் நுட்பமானது. கொலைக்களக் காதையில் தன் மகள் ஐயையைக் கண்ணகிக்கு 'நாத்தூண் நங்கை' ஆக்குகின்றாள். நாத்தூண் என்பது கணவனின் உடன்பிறந்தாள். எனவே கோவலனை 'மகனே' என்று விளியாமலே அவனை மகனாக்கிக் கொண்டாள். முதல்நாள் வந்த விருந்தினனுக்கு ஒரு தங்கையும் கிடைத்தாள்.

இவ்விருவர் முடிவையும் நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவற்கு உரைக்கின்றான். மாதரி எரியகம் புகுந்தாள். கவுந்தி உண்ணாநோன்பால் உயிர் நீத்தார். மாதரி மாட்டு அடைக்கலம் இழந்த பழி இருந்தது. அதுவே காரணம் எனின் மறுப்பார் இலர். கவுந்தியிடம் அவ்விருவரை ஒப்படைத்தார் ஒருவருமிலர். வழித்துணையாயினார் எனலாம், அத்துணைமையோ மதுரைப் புறஞ்சேரியில் முடிந்தது. வழியிடை அயலார் முன் தாமே மொழிந்த 'மக்கள்' என்னும் அவ்வொரு சொல்லையன்றி, அவரை இறுதிவரை பிணித்தது பிறிதொன்று நூலுட் கண்டிலம்.