‘ஓ டன்னன்பவும்’: ஒரு சொல் மாறிய கதை

ஜெர்மானியரின் ‘ஓ டன்னன்பவும்’ என்னும் பாட்டைக் கிறிஸ்மஸ் பாட்டென்றே உலகம் போற்றுகிறது. பாட்டிலோ இயேசு பிறப்பும் இல்லை, தொழுவமும் இல்லை. பனிக்காலத்திலும் பசுமை குன்றாத ஃபிர் மரமே அதன் பொருள்.

பழைய நாட்டுப்பாடல் ஒன்றைத் தழுவி, ஆகஸ்ட் சார்னாக் என்பார் இதனை முதலில் காதற்பாட்டாக அமைத்தார். மரத்தின் இலை உண்மையுடையது; காதலியின் நெஞ்சமோ பொய்யுடையது. இலையுதிர் காலம் வந்ததும் பறந்துவிடும் நைட்டிங்கேல் பறவையும், மழையில் பெருகி வறட்சியில் வற்றும் ஓடையும் அவளுக்கு உவமைகள். கசப்பான பாட்டுத்தான், ஆனால் கட்டுக்கோப்பு உடையது.

லைப்சிக் நகரப் பள்ளியாசிரியர் எர்ன்ஸ்ட் ஆன்ஷுட்ஸ், 1824இல் முதற் கண்ணியை மட்டும் நிறுத்திக்கொண்டு, மாணவர்க்கென இரு கண்ணிகள் புதிதாக யாத்தார். கிறிஸ்மஸ் நுழைவது இரண்டாவதில்தான்; அது எளிய கண்ணி. மூன்றாவதிலேதான் ஆசிரியரின் கை தெரிகிறது. மரத்தின் பச்சையாடை நம்பிக்கையையும் உறுதியையும் கற்பிக்கிறதாம். காதலியைப் பழிக்க எடுத்த உவமை சிறுவர்க்கு ஊன்றுகோலாயிற்று.

இன்று பலர் முதற் கண்ணியில் ‘உண்மையுள்ள’ எனப் பொருள்படும் ‘ட்ரொய்’ என்ற சொல்லை நீக்கி, ‘பச்சை’ என்னும் ‘க்ரூன்’ என்பதைப் பாடுகின்றனர். இரண்டும் ஓரசைச் சொற்களே, இசை கெடவில்லை. கெடுவது பொருள். பச்சை நிறத்தைக் கண் காணும். உண்மையை நெஞ்சமன்றோ காணவேண்டும்? (வெட்டி வீட்டினுள் நிறுத்திய மரம் சில வாரங்களில் ஊசியிலைகளை உதிர்த்துவிடுவது வேறு கதை!) காதலியை நீக்கிய ஆன்ஷுட்ஸ் அச்சொல்லை நீக்கவில்லை, மூன்றாம் கண்ணி அதைப் பற்றியே நிற்கிறது.