நாகர் மலையும் மூன்று மதில்களும்

மனிதரைத் தின்னும் பேருருவங்களோடு மனிதர் பொருவது தமிழ் படித்தவர்க்குப் புதிய செய்தியன்று. ஆயினும், ஜப்பானிய ஓவியர் ஹஜிமே இசாயாமா எழுதித் தீட்டிய 'ஷிங்கெக்கி நோ கியோஜின்' என்னும் தொடர் படக்கதையைத் தமிழாசிரியர் பலர் விரலாலும் தீண்டுவதில்லை. ஆங்கிலத்தில் 'அட்டாக் ஆன் டைட்டன்' என்று பெயர் பெற்ற இக்கதையில் குருதியும் கொலையும் மிகுதி என்பது மெய்யே. பேராக்கின் தென்மேற்குக் கோடியில், பெர்னாம் ஆற்றங்கரையில் அமைந்த ஹுத்தான் மெலிந்தாங் போன்ற ஊர்களிலும், மாணவர் இதனைக் கைப்பேசியில் கண்டும் படித்தும் வருகின்றனர். வகுப்பிலோ அதே மாணவர்க்கு மணிமேகலை சொல்லப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வாயில் உண்டு. அதனைத் திறந்து பார்த்தவர் மிகச் சிலரே.

2009 செப்டம்பரில் கோடான்ஷா நிறுவனத்தின் திங்களிதழ் ஒன்றில் தொடங்கிய இக்கதை, 2021 ஏப்ரலில் 139ஆம் இயலோடு முடிந்தது. 34 தொகுதிகளாக வெளிவந்தது. பதினான்கு கோடிப் படிகளுக்குமேல் பரவியது. ஆசிரியர் 1986இல் ஓயித்தா மாநிலத்து ஹிட்டா நகர்ப்பகுதியில் பிறந்தவர். நாற்புறமும் மலை சூழ்ந்த ஊர் அது. அம்மலைகளுக்கு அப்பால் செல்ல வேண்டும் என்னும் இளமை வேட்கையே கதையின் மதில்களாயிற்று என்று அவரே கூறியுள்ளார். 2020இல் அவ்வூரின் ஓயாமா அணைக்கருகே கதைமாந்தர் மூவருக்குச் சிலை நாட்டினர். மதிலை அண்ணாந்து நோக்கும் சிறுவர்களாக அவர்கள் அணைச்சுவரை நோக்கி நிற்கின்றனர்.

கதை பிறந்ததற்கு ஆசிரியர் கூறும் மற்றொரு காரணம் இன்னும் ஆழமானது. இணைய நிலையம் ஒன்றில் அவர் பணிபுரிந்த காலத்தில் குடிவெறியில் வந்த ஒருவன் அவருடைய சட்டையைப் பற்றினான். எதிரில் நிற்பவனும் மனிதனே. ஆனால் அவனோடு பேச இயலவில்லை. பேச்சு எட்டாத மனிதனைப்போல் அச்சந்தரும் விலங்கு வேறில்லை என்று அன்று அவர் உணர்ந்தாராம். இந்த ஒரு குறிப்பே இக்கதைக்குத் திறவுகோல்.

ஐம்பது மீட்டர் உயர்ந்த மூன்று மதில்களுக்குள் எஞ்சிய மனித இனம் வாழ்கிறது. வெளியே பேருருவர் திரிகின்றனர். 845ஆம் ஆண்டில் மதிலினும் உயர்ந்த ஒருவன் தோன்றிப் புறமதிலின் வாயிலை உடைக்கிறான். எரென் என்னும் சிறுவன் தன் தாய் விழுங்கப்படுவதைக் கண்ணாற் காண்கிறான். ஒருவரையும் விடாமல் அழிப்பேன் என்று சூளுரைக்கிறான். தொடக்கம் இவ்வளவே. வெறும் வஞ்சினக் கதை என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவிட்டவர் உண்டு. அவர்கள் இழந்தது பெரிது.

இப்பேருருவர்க்குப் பசியே இல்லை என்பதைப் படிப்போர் முதலில் அறிய வேண்டும். ஞாயிற்றின் ஒளியே அவர்கட்குப் போதும். விலங்குகளை அவர்கள் தின்பதில்லை. செரிக்கும் உறுப்பும் அவர்கட்கில்லை. விழுங்கிய மனிதரை வயிறு நிரம்பியதும் உமிழ்ந்துவிடுகின்றனர். மணிமேகலையிற் காயசண்டிகை யானைத்தீ என்னும் நோயால் உண்டு உண்டு ஆறாது வருந்துகிறாள். அமுதசுரபியின் ஒருபிடிச் சோறு அவள் தீயை அவிக்கிறது. இசாயாமாவின் பேருருவர்க்கு அமுதசுரபி பயன்படாது. பின்னர்க் கதைப்போக்கில் தெரிய வருவது இதுதான்: அவர்கள் ஒருகாலத்தில் மனிதராயிருந்தவர், இழந்த உருவை மீளப்பெற வேண்டும் என்னும் ஒரே உந்துதல் அறிவிழந்த அவ்வுடலை மனிதரை நோக்கித் துரத்துகிறது. மனிதனாக வேண்டியே மனிதனைத் தின்கின்றனர். மிக நுட்பமான புனைவு இது.

இதனோடு மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையை வைத்து நோக்குக. கலம் உடைந்து கரையொதுங்கிய சாதுவன், ஆடையற்ற நாகர் வாழும் மலையில், மரத்தடியில் அயர்ந்து துயில்கிறான். தனியே கிடக்கும் இவ்வுடல் நல்ல ஊன் என்று நாகர் சூழ்கின்றனர். அவன் விழித்து அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். உடனே உண்ண வந்தவர் விலகி நின்று, அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். கள்ளும் ஊனும் நாறும் அவ்விடத்தில், உயிர் உண்டோ, மறுபிறப்பு உண்டோ என்னும் வாதம் நடக்கிறது. தலைவன் நகைக்கிறான், வினவுகிறான், கேட்கிறான். முடிவில், கலங்கவிழ்ந்து வருவோரைக் கொல்லாமை என்னும் அறத்தை ஏற்கிறான். சாதுவன் வாளெடுக்கவில்லை. அவனைக் காத்தது அவன் அறிந்திருந்த வேற்றுமொழி. சாத்தனார் நாகரைச் சற்றே உயரத்திலிருந்து நோக்குகிறார் என்று குறை கூறலாம், அது பொருந்தும். ஆயினும், அவர்களை வினாக் கேட்கும் அறிவுடையோராகவே அவர் காட்டியிருக்கிறார். தின்பவன் வாயிலும் வாதம் பிறக்கும் என்னும் துணிவு அவருக்கு இருந்தது.

இசாயாமா இதனை நேர்மாறாக அமைக்கிறார். கோனி என்னும் இளம் வீரன் தன் சிற்றூருக்குத் திரும்புகிறான். வீடுகள் இடிந்து கிடக்கின்றன, மக்களைக் காணோம். அவன் வீட்டின்மேல் ஒரு பேருருவம், எழுந்து நடக்க மாட்டாத சிறு கைகால்களோடு, மல்லாந்து கிடக்கிறது. அவன் புறப்படும்போது அதன் வாயிலிருந்து ஒரு சொல் பிதுங்கி வருகிறது. வீடு திரும்பிய மகனைத் தாய் வரவேற்கும் சொல் அது. தொடர் முழுவதிலும் இதைவிடக் கொடிய இடம் இல்லை. ஒரு துளிக் குருதியும் அங்கே சிந்தவில்லை. சாதுவனுக்கு மொழி வழிவிட்டது; கோனிக்கோ மொழி காலம் கடந்து வந்து நெஞ்சைப் பிளக்கிறது. வன்முறைக் கதை என்று இதனை ஒதுக்குவோர் இவ்வொரு பக்கத்தையேனும் படித்தல் வேண்டும்.

பேருருவுக்குள் மனிதனைக் காணும் பார்வை கம்பனிடத்திலும் உண்டு. அவனுடைய கும்பகருணன், தமையன் செய்தது பிழை என்று தெளிந்தவன். வீடணன் அழைத்தும் வாராமல், வளர்த்தவனுக்கு உயிர் கொடுக்கப் போகிறவன். சாகுங்கால் தன் தம்பியைக் காக்குமாறு பகைவனிடமே வேண்டுகிறவன். இதனை விரித்தால் தனிக்கட்டுரையாகும்.

மதில்களுக்கு வருவோம். பாகான் டத்தோ வட்டாரத்தில் சுவரின் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டுவதில்லை. கடற்பெருக்கும் ஆற்று வெள்ளமும் உட்புகாதபடி மண்கரையும் மதகும் அமைத்தே அத்தாழ்நிலத்தில் தென்னையும் செம்பனையும் பயிராயின. கரைக்குள் வாழ்பவன் கரையை நினைப்பதில்லை. இசாயாமாவின் மக்களும் அவ்வாறே நூறாண்டுகள் மதிலை நினையாதிருந்தனர். சிலர் அதனைத் தொழவும் செய்தனர். ஒருநாள் மதிலின் ஒரு சில்லுப் பெயர்கிறது. உள்ளே ஒரு பேருருவத்தின் முகம்! மூன்று மதில்களும் நெருங்க நிற்கும் பேருருவங்களாலேயே கட்டப்பட்டவை. புகார் நகரின் சதுக்கப்பூதமும் நகருக்குள் நின்று காத்த பூதமே. ஆனால் அது பொய்த்தவத்தோரையும் பொய்க்கரி புகல்வோரையும் தேடித் தண்டித்தது. அதற்கு அறம் தெரியும். மதிற்பூதங்கட்கு அறம் தெரியாது. அவற்றை எழுப்புகிறவன் எவனோ அவனுக்கு அவை ஏவல் செய்யும்.

கதையின் பிற்பகுதியில் உலகம் விரிகிறது. மதிலுக்குள் வாழ்ந்தோர் எல்தியர் என்னும் இனத்தார். கடலுக்கு அப்பால் மார்லே என்னும் நாட்டில், அவர்தம் இனத்தவர் வேலியிட்ட குடியிருப்பில் கைப்பட்டை அணிந்து வாழ்கின்றனர். தவறு செய்தோரை அந்நாட்டார் தீவிற் கொண்டுவந்து மருந்தேற்றிப் பேருருவாக்கி விடுகின்றனர். எரெனின் தாயைத் தின்ற பேருருவே அவன் தந்தையின் முதல் மனைவி! இங்கேதான் கதையின் பெருங்குறையும் தலைகாட்டுகிறது. கைப்பட்டையும் வேலியும் ஐரோப்பாவில் யூதர் பட்ட பாட்டை நினைவூட்டுவன. ஆனால் யூதர்மேற் சுமத்திய பழி பொய். எல்தியர்மேற் சுமத்திய பழியோ கதைக்குள் மெய்யாகிவிடுகிறது. அவர்கள் உண்மையாகவே பேருருவாகக் கூடியவர். ஒடுக்குவோன் அச்சத்திற்கு இதனால் ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. ஆசிரியர் இதனை எண்ணிச் செய்தாரா என்பதைவிட, எண்ணாமல் இருக்கலாகாது என்பதே திறனாய்வாளர் கூறத்தக்கது. பிக்சிஸ் என்னும் படைத்தலைவனுக்கு ஜப்பானியப் பேரரசுப் படைத்தலைவர் அக்கியாமா யோஷிஃபுருவை முன்மாதிரியாகக் கொண்டதாக அவர் கூறியது, கொரிய மக்களின் சினத்தைக் கிளறியதும் ஈண்டு நினையத்தக்கது.

கொரியர்க்குச் சினம் உண்டாயின் மலாயாத் தமிழர்க்கும் நினைவு உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம், பர்மா இரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதவர் மிகப் பலர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் அத்துயரைச் சொல்லும். அக்கொடுமை செய்த படையின் பேரர் காலத்தவர் தீட்டிய கதையை, அப்பாதையில் மாண்டவர்களின் கொள்ளுப்பேரர் விரும்பிப் படிக்கின்றனர். இதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை. முன்னோர் செய்த பிழைக்குப் பிறவாத பிள்ளைகள் தண்டனை ஏற்பதா என்பதே இக்கதையின் நடுவினா. தமிழ் மாணவர்க்கும் அவ்வினாவிற் பங்குண்டு.

அவ்வினாவுக்கு இசாயாமா தந்த மிகச் சிறந்த விடையைப் படைத்தலைவர் யாரும் சொல்வதில்லை. காட்டில் வேட்டையாடி வாழ்ந்த ஒரு தந்தை சொல்கிறார். 111ஆம் இயலின் பெயரே 'காட்டின் பிள்ளைகள்'. தம் மகள் சாஷாவைச் சுட்டுக் கொன்ற காபி என்னும் சிறுமி அவர் எதிரே நிற்கிறாள். கத்தி அவர் கையில் தரப்படுகிறது. உலகமே ஒருவரையொருவர் வேட்டையாடும் பெருங்காடாகிவிட்டது, பிள்ளைகளையேனும் அக்காட்டுக்கு வெளியே வைத்தல் முதியோர் கடன் என்னும் கருத்தில் அவர் பேசுகிறார், கத்தியைப் பயன்படுத்தவில்லை. (ஊர்ப்பெயரிலேயே காட்டைச் சுமக்கும் ஹுத்தான் மெலிந்தாங் வாசகர்க்கு இவ்வியல் கூடுதலாக ஒலிக்கக் கூடும்.) சாதுவன் உரைக்கு நிகராக வைக்கத்தக்க இடம் இத்தொடரில் இஃதொன்றே.

இத்தகைய உயரத்திலிருந்து கதை முடிவிற் சரிந்ததுதான் வருத்தம். எரென் மதிற்பூதங்களை எழுப்பி உலக மாந்தருள் ஐந்தில் நான்கு பங்கினரை மிதித்தழிக்கிறான். அவனை நேசித்த மிக்காசாவே அவனைக் கொல்கிறாள். அது துன்பியலுக்கு ஏற்றதே. ஆனால் 139ஆம் இயலில், எங்கள் பொருட்டுக் கொலைஞனானாயே என்று நண்பன் ஆர்மின் அவனுக்கு நன்றி கூறுகிறான்! காட்டுத் தந்தை சொன்னதை ஆசிரியரே மறந்தார் போலும். 2023 நவம்பரில் வெளிவந்த இயங்குபடத்தின் இறுதிப் பகுதியில் அவ்வுரையாடல் மாற்றப்பட்டது. அங்கே ஆர்மின் நன்றியுரைப்பதை விட்டு, அப்பழியில் தனக்கும் பங்குண்டு என்று ஏற்கிறான். திருத்தம் நன்று, மூலத்தைப் படிப்பிப்போர் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டலாம். பதினைந்து வயதுக்கு உட்பட்டோர்க்கு இத்தொடரைக் கொடாதிருத்தலும் நன்று.

34ஆம் தொகுதியில் ஆசிரியர் சில பக்கங்கள் கூட்டினார். எரென் புதையுண்ட மரம் ஓங்கி வளர்கிறது. தீவில் மாட மாளிகைகள் எழுகின்றன. பின் போர் வந்து எல்லாம் இடிகின்றன. நெடுங்காலம் சென்று, நாயோடு வரும் ஒரு சிறுபிள்ளை அம்மரத்தின் பொந்தருகே நிற்கிறது. முதற்பேருருவம் பிறந்த பொந்தும் அத்தகையதே. சாத்தனாரின் நாகர் தலைவனோ, முன்னர்க் கலமுடைந்து இறந்தோர் விட்டுச்சென்ற சந்தனமும் அகிலும் ஆடையும் கொடுத்துச் சாதுவனை விடுக்கிறான். சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலம் அவ்வழியே வருகிறது.